கால் சிவந்த மடையான்

ஜனவரி 1, வியாழன்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் பெயர், ரத்தப் பிரிவு, வண்டி எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஆவுடையப்பன், வயது 54, ஸ்டூடியோ வைத்திருப்பவன் என்று நிரப்பினேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். கோடுகளை மட்டும் இந்த வருடம் ரொம்ப மங்கலாக அச்சடித்துவிட்டார்கள்.

லாரன்ஸ் சார் சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பறவைக் குழுவை நடத்துகிறார். குளத்துக்குப் போனால் என்ன பார்த்தோம் என்று அன்றைக்கே குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது காற்று வாங்கப் போனதாகத்தான் அர்த்தம் என்பார்.

கண் நிலவரத்தையும் குறித்துவிடுகிறேன். இடது கண் போன ஆடியிலேயே போய்விட்டது, வெளிச்சம் மட்டும் தெரியும். வலது நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். அடுத்தது 23ஆம் தேதி. "இனி இந்த ஒரு கண்ணை வச்சுத்தான் எல்லாம். ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா? வலது கண் இருக்கிறவரை ஸ்டூடியோ, ஸ்டூடியோ இருக்கிறவரை நான்.

ஜனவரி 4, ஞாயிறு

ஏழுமடைக் குளம், காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. மடையான் 14. சின்னக் கொக்கு முப்பதுக்கு மேல். நீர்க்காகம் 9. பவளக்கால் உள்ளான் 6.

பதினோரு வருடமாக இந்தக் குளத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் எல்லாம் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் ஓடுகிறார்கள். எனக்கு மடையான் என்கிற இந்தக் கொக்குதான். கரையோரம் கூனிக்கொண்டு நிற்கும், மண் நிறம். மிதிக்கிற தூரம் வரும்வரை அசையாது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அதற்கு அத்தனை நம்பிக்கை. பறந்தால்தான் தெரியும், உள்ளே அவ்வளவு வெள்ளையை மடித்து வைத்திருக்கிறது என்று. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா திடீரென்று எழுந்து பாடினால் எப்படி இருக்கும், அப்படி.

இணை சேரும் காலத்தில் ஆளே மாறிவிடும். முதுகு அரக்குச் சிவப்பு, கழுத்து சந்தனம், பிடரியில் நீளமாக வெள்ளை இறகுகள். அதிலும் ஒரு வாரம், பத்து நாள் கால் சிவக்கும். மஞ்சளாகக் கிடந்த கால் மருதாணி வைத்ததுபோல ஆகிவிடும். பிறகு தானாக வெளிறிவிடும். இத்தனை வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் படம் அமையவில்லை. மார்ச்சில் லாரன்ஸ் சார் நூலக மாடியில் கண்காட்சி வைக்கிறார். கால் சிவந்த மடையான், கிட்டத்தில், தெளிவாக ஒன்று கிடைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டு சும்மா கிடப்பேன்.

இன்று எடுத்தது எல்லாம் குப்பை. நான் பறவையைக் கேமராவுக்குள் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடுகிறது.

மாசானம் வந்தான். குளத்துக்குக் கீழே வயல் காவல் பார்ப்பவன், நாற்பது வயதிருக்கும். அவன் மகள் சடங்குக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன், அதிலிருந்து என்மேல் உயிர். எந்தப் பறவை எங்கே அடையும் என்பது விரல் நுனியில் இருக்கும். அவன் வீட்டு முற்றத்தில் எப்போதும் வலை காயும். வலைக்கண் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். பெரிய மீனு என்றான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் அம்புடலியா?"

"எல்லாம் பறந்திருதுடே. அசையாம ஒண்ணு நின்னா போதும். லென்ஸ் பழசாயிட்டு."

"லென்ஸா" என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அசையாம நிக்கணும், அம்புட்டுதான? கால் செவக்கட்டும். நான் பாத்து வைக்கேன்."

ஜனவரி 7, புதன்

கார்த்திகையில் எடுத்த கல்யாணம். பெண் வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா எல்லாப் படத்திலும் மங்கலாம். அந்தம்மா ஒரு இடத்தில் நின்றால்தானே.

ஜனவரி 11, ஞாயிறு

குளத்துக்குப் போகவில்லை. பனி.

தை பிறந்தால் முகூர்த்தம். என் மனைவி பிரமுவின் தையல் மிஷின் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஊரில் பாதிப் பெண்களின் ப்ளவுஸ் அவள் தைப்பதுதான். அவளுக்கு வெள்ளெழுத்து வந்து நாலு வருடம் ஆகிறது. ஊசியில் நூல் கோர்க்க "ஏங்க" என்று கூப்பிடுவாள், நான் போய்க் கோர்த்துக் கொடுப்பேன். இப்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவளே கோர்க்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. கூப்பிடேன் என்றேன். "நீங்க வேலையா இருப்பிய" என்றாள். நான் வேலை இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 17, சனி

ஏழுமடைக் குளம். மடையான் பத்து, அல்லது பன்னிரண்டு. மற்றவை வெள்ளையாக நிறைய.

மூன்றாம் மடையருகே யாரோ சைக்கிளை வழியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். முழங்கால் சிராய்ப்பு. குழுவில் எல்லோரும் கால் சிவந்துவிட்டது என்று படம் போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்கு இன்று ஒரு சிவப்பும் தட்டுப்படவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மாசானம் போன் பண்ணினான். "ஒண்ணு அமைஞ்சிருக்கு அண்ணாச்சி. நல்ல செவப்பு. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் வாங்க. அதுக்குமேல இருக்குமான்னு சொல்லத் தெரியாது."

ஜனவரி 21, புதன்

வெள்ளி 23. ஊசி.

பறவை வியாழக்கிழமையே கிடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஜனவரி 22, வியாழன்

பொழுது புலரும் முன்பே மாசானம் கரையில் நின்றான். கையைப் பிடித்து வரப்பில் கூட்டிப்போனான், வழுக்கும் என்றான். நாணலுக்குப் பின்னால் தென்னோலைத் தட்டி ஒன்று கட்டி வைத்திருந்தான், லென்ஸ் நீட்ட ஓட்டையோடு. அதற்கு நேரே பத்தடியில், தண்ணீருக்குள் ஒரு பனங்கட்டை. அதன்மேல் மடையான்.

பதினோரு வருடத்தில் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. வெயில் ஏறியதும் முதுகு பற்றிக்கொண்டது. அந்தக் கால்களைச் சொல்லத் தெரியவில்லை. ஷட்டரை அமுக்கவே மறந்துவிட்டேன், எழுதுவதில் என்ன வெட்கம். பறவை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே இருந்தது. மற்ற மடையான்கள் பறந்து வந்து அதைச் சுற்றி இறங்கின. ஒன்று இறங்க, அதைப் பார்த்து இன்னொன்று. நம்ம ஆள் யாரையும் சட்டை செய்யவில்லை. என்ன கம்பீரம்.

ஒருமுறை என் பக்கத்தில் இருந்த மாசானம் கையை அசைத்தான். அதே நேரம் பறவை இறக்கை இரண்டையும் விரித்து நிலைகொள்ளாமல் அடித்துக்கொண்டு மறுபடி அமர்ந்தது. அதிர்ஷ்டம்தான், நாற்பது படம் ஓடியது.

கேமராதான் சதி செய்கிறது. பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துப் பச்சைக் கட்டம் போடும், அப்புறம் கூர்மை பற்றிக் கவலையே வேண்டாம். சமீப காலமாக அதை நம்பித்தான் எடுக்கிறேன். இன்று கட்டம் கண்ணில் உட்காரவே மாட்டேன் என்கிறது. வயிற்றுக்குப் போகிறது, கட்டைக்குப் போகிறது. சுற்றி இறங்கிய மற்றப் பறவைகளின் கண்ணில் மட்டும் சரியாகப் போய் உட்காருகிறது. கடையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் கணினியில் பெரிதாக்கினேன். மூக்கு திரையில் இடிக்கும்வரை பார்த்தேன். எல்லாம் கொஞ்சம் பிசகு என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கேமராப் பையை நேற்றே மாசானம் வீட்டில் விட்டு வந்திருந்தேன். பிரமு ஆஸ்பத்திரி ஃபைலைத் துணிப்பையில் வைத்து, சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். கூட வருகிறேன் என்றாள். முகூர்த்த ப்ளவுஸ் ஏழு கிடக்கிறது, நீ இரு என்றேன். எனக்குத் தெரியாத பஸ்ஸா.

பஸ் ஏறி, குளத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிவிட்டேன்.

பச்சைக் கட்டத்தை அணைத்துவிட்டு, கையாலேயே புள்ளியை நகர்த்தி, 'பீப்' சத்தம் கேட்கும் வரை பொறுத்துப் பொறுத்து எடுத்தேன். பறவை எனக்காகக் காத்திருந்தது. காற்று வந்தபோது பிடரி இறகு மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது. ஒரு கட்டத்தில் தலையை லேசாக என் பக்கம் திருப்பியது. அதுதான் படம். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

பிரமுவிடம் டாக்டரம்மா மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார், அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. இந்தக் கால் ஒரு வாரம்கூட இருக்காது.

ஜனவரி 24, சனி

மாசானம் வீட்டில் சாப்பாடு. கறி மிருதுவாக, எலும்பு சின்னச் சின்னதாக இருந்தது. காடையா என்றேன். "சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று இன்னொரு கரண்டி வைத்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

குழுவில் படத்தைப் போட்டேன். நாலு வருடமாக என் படத்துக்கு வாய் திறக்காதவர்கள்கூட வந்து கும்பிடுகிறார்கள். "இறகை எண்ணலாம் போல" என்று ஒருவர். "கண்ணை மூடி என்ன அமைதி" என்று இன்னொருவர். லாரன்ஸ் சார் போனிலேயே கூப்பிட்டார். "ஆவுடையப்பன், கண்காட்சியில இதுதான் வாசலில். மூணடி உயரத்துக்குப் போடுவோம். தலைப்பு நான் வச்சிட்டேன், தவம்."

பிரமுவிடம் காட்டினேன். போன் திரையில் என்ன தெரியும் அவளுக்கு. நல்லா இருக்கு என்று மிஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

சந்தோஷமாக இருக்கிறது. இப்படி இருந்து வெகுகாலம் ஆகிறது.

ஜனவரி 30, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இன்று இடமில்லையாம். முன்பதிவு தவறினால் புதிதாகத் தேதி வாங்க வேண்டுமாம். பிப்ரவரி 13 கொடுத்தார்கள். கவுண்டர் பெண்ணிடம் சண்டை போட நினைத்தேன். தப்பு என் பேரில்தான் என்பதால் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பல் தேய்க்கும்போது வலது கண்ணில் ஒரு கறுப்பு இழை இறங்கியது. தலைமுடி என்று நினைத்துத் துடைத்தேன். பத்து மணிக்குள் தண்ணீரில் மை கொட்டினதுபோல எல்லாம் கலங்கிவிட்டது.

இதை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி பிடிக்கிறது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

டாக்டரம்மா விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம். "23ஆம் தேதி ஏன் வரல?" என்று கேட்டார். பிரமு மருந்துச் சீட்டு வாங்க வெளியே போயிருந்தாள். வேலை இருந்தது என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். ரத்தம் தானாக வடியுமா என்று இரண்டு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் ஆபரேஷன், எதுவும் சொல்வதற்கில்லை என்றார்.

பஸ்ஸில் பிரமு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 12

கல்யாண ஆர்டர் நாலையும் வேறு ஸ்டூடியோவுக்குத் தள்ளிவிட்டாயிற்று. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

எழுதுவது பிரமு. சொல்வது நான்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆனது. கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். குப்புறப் படுத்திருக்க வேண்டும், ஒரு வாரம். பிள்ளை பெற்றவள்கூட இப்படிப் படுத்திருக்க மாட்டாள். இவளுக்கு எழுத்துக் கூட்டி எழுதவே அரை நாள் ஆகும், டைரி வேண்டாம் என்றேன். அதெல்லாம் எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும்.

மார்ச் 5, வியாழன்

பிரமு எழுதுகிறாள். கட்டு அவிழ்த்தார்கள். வெளிச்சம் தெரிகிறது. கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரிகிறது. விழித்திரை சுருங்கி இழுத்துவிட்டதாம். இதுதான் இனி என்றார் டாக்டரம்மா.

மார்ச் 9, திங்கள்

பிரமு எழுதுகிறாள்.

லேபிலிருந்து படம் வந்தது. மூன்றடி. பிரமு காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் சாய்த்தாள். எப்படி இருக்கிறது, ஒன்றுவிடாமல் சொல் என்றேன்.

"முதுகு நல்ல அரக்கு. பட்டுச் சேலைக்குத் தைப்போம்லா, அந்த நிறம். காலு செவப்பு. பின்னால தண்ணி பச்சையா இருக்கு" என்றாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இதுக்குக் கண்ணுல என்ன?"

"மூடியிருக்கு. தவம் இருக்கு. லாரன்ஸ் சார் பேரே அதான் வச்சிருக்கார்."

"மூடலை. தைச்சிருக்கு."

உனக்குப் பார்க்கிறதெல்லாம் தையல்தான் என்றேன்.

"கறுப்பு நூலு, நாப்பதாம் நம்பர். கீழ் இமையில ஒரு குத்துக் குத்தி, மேல இழுத்து மண்டையில முடிச்சு போட்டிருக்கு. இறகுக்குள்ள முடிச்சு தெரியுது. காலுலயும் கயிறு கிடக்கு, கட்டைக்குப் பின்னால போவுது." குரல் மாறிவிட்டது அவளுக்கு. "யாருங்க இப்படிப் பண்ணுனா?"

காட்டு என்றேன். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். காகிதம் வழவழவென்று இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கேமரா பொய் சொல்லவில்லை. இந்தப் பறவைக்குக் கண் இல்லை என்று அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் கேமராவைத் திட்டினேன். மற்றவை ஏன் வந்து வந்து இறங்கின என்று யோசித்தேனா? மாசானம் கை அசைத்ததும் இது ஏன் இறக்கை அடித்தது என்று யோசித்தேனா? அவன் வீட்டில் தின்ற கறி என்ன? இதையெல்லாம் எழுதாதே என்றேன். எழுதத்தான் செய்வேன் என்கிறாள்.

லாரன்ஸ் சாரிடம் படத்தை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பிரமு எழுதுகிறாள்.

ஆட்டோ பிடித்து இருவரும் மாசானம் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் என்ன வார்த்தை பேசுவது என்று தயார் செய்துகொண்டே போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். ஒரு உயிரின் கண்ணைத் தைக்க உனக்கு எப்படி மனசு வந்தது, என்னையும் அல்லவா ஏமாற்றிவிட்டாய் என்றேன்.

"ஏமாத்துனனா?" என்றான். கோபம் இல்லை, உண்மையாகவே விளங்காத குரல். "இங்கன கொக்கு புடிக்கவன் எல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி ஒண்ணக் கட்டி வைப்பான். அதப் பாத்துத்தான் மத்தது எறங்கும். எறங்குனா வலை. நீங்கதான அசையாம நிக்கது வேணும்னு கேட்டிய? மத்ததெல்லாம் கறிக்குப் போவும். இத உங்களுக்குன்னு கால் செவப்பாப் பாத்துப் புடிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாடே."

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். பத்தடியில நின்னு மூணு நாளு அதையே பாத்திய. கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுமே அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் பிரமு என் கையைப் பிடித்து நிற்பதைக் கவனித்தான் போல. உள்ளே போனான்.

பறவை உயிரோடு இருக்கிறது. இன்னும் அதைத்தான் கட்டுகிறானாம். ஒரு கூடையில் வைத்து, மேலே துணி கட்டிக் கொண்டுவந்து பிரமு கையில் கொடுத்தான். எடுத்துட்டுப் போயிருங்க என்றான். அவன் அழுதானா என்று பிரமுவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் படம் எடுத்திருக்கிறேனே தவிர ஒருநாளும் தொட்டதில்லை. எடையே இல்லை. கைக்குள் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிரமு தையல் பிரிக்கிற பிளேடை வெந்நீரில் போட்டு எடுத்து, முடிச்சை அறுத்து, நூலை இழுத்தாள். நாளைக் காலை குளத்தில் விட வேண்டும்.

மார்ச் 11, புதன்

இன்னைக்கு அவர் சொல்லி எழுதலை. நானாகவே எழுதுறேன். அவர் குளிக்கப் போயிருக்கார்.

காலையில ஏழு மணிக்குக் குளத்துக்குப் போனோம். தண்ணி ரொம்ப வத்திட்டு. கொக்கு நிறைய நின்னுது. என்னெல்லாம் நிக்குதுன்னு கேட்டார். எனக்குப் பேர் தெரியலை, வெள்ளையா நிறைய, பழுப்பா கொஞ்சம்னு சொன்னேன். அதுல பழுப்புதான் மடையான்னார்.

நேத்து நூலை இழுக்கும்போதே பார்த்தேன். இடது கண்ணு பழுத்து வெள்ளையா இருந்துது, உள்ள ஒண்ணும் இல்லை. வலது கண்ணு திறந்துது. ஆனா முன்னால விரலைக் கொண்டுபோனா இமைக்கலை. அவர்கிட்ட ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தேன். கால் சிவப்பெல்லாம் போயிட்டு, அதையும் சொல்லலை.

இந்த டைரியை முன்னால இருந்து படிச்சிட்டேன். ஆஸ்பத்திரியில அவர் குப்புறப் படுத்திருந்த நாள்லயே படிச்சேன். 23ஆம் தேதியையும் படிச்சேன். அன்னைக்குக் கட்டிக் கொடுத்தது எலுமிச்சம்பழச் சோறு. படிச்சதும் இவரை அப்படியே விட்டுட்டு எங்கேயாவது போயிடணும்னு இருந்துது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில உட்கார்ந்து அழுதேன். ஊசிக்குன்னு ஒரு வெள்ளிக்கிழமைதானே கேட்டாங்க. இப்பவும் அவர்மேல கோபமாத்தான் இருக்கு. படிச்சேன்னு அவர்கிட்ட சொல்லலை. சொன்னா அந்த மனுஷனுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

கரையில கூடையை இறக்கினேன். நானே விடுறேன்னு கையை நீட்டினார். கொடுத்தேன். ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டார். அப்புறம் குனிஞ்சு தரையில விட்டார், விட்டுட்டு நிமிர்ந்து, முகத்தைத் தண்ணிப் பக்கம் திருப்பி நின்னார். காத்து அடிச்சுது. தூரத்துல வேற ஏதோ ஒரு கூட்டம் எழும்பிப் பறந்துது, இறக்கைச் சத்தம் கேட்டுது.

"போயிட்டா?"

"போயிட்டு."

"எந்தப் பக்கம்?"

"அந்தக் கரைக்கு. மத்ததுங்க கூடப் போய்ச் சேர்ந்துட்டு."

"இறக்கையை விரிச்சுதா? வெள்ளையாத் தெரிஞ்சுதா?"

"நல்ல வெள்ளை."

அவருக்கு மூச்சு வாங்கிச்சு. சிரிச்சார். ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கிறார். இதை மறக்காம எழுதிடு, மடையான் ஒண்ணு, பறந்ததுன்னு எழுது, தேதி போட்டு எழுதுன்னார். எழுதிட்டேன்.

அது எங்கேயும் போகலை. விட்ட இடத்துலயே, அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, கழுத்தை இழுத்துக்கிட்டு நின்னுது. தண்ணி எந்தப் பக்கம்னுகூட அதுக்குத் தெரியலை. மிதிச்சிடாம அவரைக் கையைப் பிடிச்சு, அதைச் சுத்தி நடத்திக் கூட்டிட்டு வந்தேன்.